சகனுக்கு ஒரு ஆள் குறைவு

பெண் பார்க்க வீட்டுக்கு வர வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது என் பெரியத்தாதான். அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். அத்தா மவுத்தான பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்த விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. உத்தமபாளையத்தில் எங்கள் தெரு, வாசலும் வாசலும் முகம் பார்த்துக்கொண்டு நிற்கிற தெரு. முதல் கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோது வேனிலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை தட்டு பழம் வந்தது என்று தெருவே எண்ணிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் அது முறிந்து, கைக்குழந்தையுடன் நான் திரும்பி வந்து இறங்கியதையும் அதே தெருதான் பார்த்தது.

“வெளியில எங்கிட்டாச்சும் வச்சுப் பாத்துக்கிருவோம். படிஞ்சா சரி. படியலன்னா, போனோம், சாப்பிட்டோம், வந்தோம்னு போகுது,” என்றார் பெரியத்தா.

இடத்தைச் சொன்னவர் மாப்பிள்ளை. கம்பத்துக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதல் மனைவி நோயில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. கூடலூர் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ரிசார்ட் அப்போது புதிதாக வந்திருந்தது. தேக்கடிக்குப் போகிற வெள்ளைக்காரர்களை நம்பிக் கட்டியது. அதற்குள்தான் அந்த ஜப்பான் ஹோட்டல். சுத்த ஜப்பான் இல்லை, ஜப்பானையும் நம்ம ஊரையும் கலந்து செய்வார்கள், ஃபியூஷன் என்று பெயர் என்று மாப்பிள்ளை போனில் விளக்கியிருக்கிறார். பெரியத்தா ஒன்றுதான் கேட்டாராம்: கோழியை யார் அறுக்கிறது? கம்பத்தில் நம்ம ஆள் கறிக்கடையிலிருந்துதான் வருகிறது, எதிலும் சாராயம் சேர்க்க வேண்டாம் என்று சமையல்காரரிடம் தனியாகச் சொல்லியாயிற்று என்று பதில் வந்தது. அதோடு சரி.

இது இரண்டாயிரத்து எட்டு வாக்கில். எனக்கு இருபத்தேழு வயது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஐந்து வயது.

அன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. விடிந்து பார்த்தால் அந்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஆண்டிபட்டியில் ஒரு மவுத்து, சாவு வீட்டுக்கு முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் அவளுக்கும் தலை சீவி, பெருநாளுக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டேன். வாடகைக் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து பெரியத்தா திரும்பி அவளைப் பார்த்தார். பின் சீட்டில் அம்மா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் மகள்.

அனுமந்தன்பட்டி தாண்டியதும் பெரியத்தா பேசினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவுககிட்ட நான் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். புள்ள தகப்பன் வீட்ல இருக்குன்னு.”

எனக்குப் புரியவில்லை. “யார் புள்ள?”

“புள்ளையோட வர்ற பொண்ணு வேணாம்னு மாப்பிள்ளையோட அம்மா மொதல்லயே சொல்லிட்டாக. அதுக்காக இம்புட்டு நல்ல எடத்த விட்டுற முடியுமா? புள்ளய ஒங்க அம்மா வளத்துட்டுப் போறா. நீ மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்க.”

“என்னய கேக்காம எப்படிச் சொன்னீக?”

அவர் திரும்பவில்லை. “இப்ப இவளக் கூட்டிட்டு வந்தாச்சு. ஒன் அக்கா மகள்னு சொல்லிருவோம். ஒன்னய சின்னம்மான்னு கூப்பிடச் சொல்லு. ரெண்டு மணி நேரந்தேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்க வேண்டும். இதுவரை நூறு தடவையாவது மனசுக்குள் இறங்கிவிட்டேன். அன்று இறங்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை, கண் மங்கிக்கொண்டே வந்தது. தனக்குப் பிறகு நான் என்ன ஆவேன் என்பதைத் தவிர வேறு பேச்சே அவளிடம் இல்லாத வருஷம் அது. “இன்னைக்கு மட்டும் விடும்மா,” என்றாள். விட்டேன்.

பொய்யைக் கட்டியது பெரியத்தா. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அதில் யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

“ஒரு வெளாட்டு வெளாடுவமா?” என்றேன் மகளிடம். “நாம போற எடத்துல என்னய சின்னம்மான்னு கூப்பிடணும். அம்மான்னு சொன்னா நீ அவுட்டு.”

“அப்ப எனக்கு அம்மா யாரு?”

“பெரியம்மா. வடுகபட்டில இருக்காகள்ல, அவுக.”

“சரி,” என்றாள். அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு போகிற மரத்துக்கெல்லாம் “சின்னம்மா, சின்னம்மா” என்று சொல்லிப் பழகினாள். கம்பம் டவுனுக்குள் டிராபிக்கில் நின்றபோது நான் வேண்டுமென்றே, “தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். “வேணாம் சின்னம்மா.” கூடலூர் வரும்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. கெட்டிக்காரி என்றாள் அம்மா.

ஹோட்டலுக்குள் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மூங்கில் தட்டி, தாளில் செய்த விளக்கு, முழங்கால் உயரத்துக்கு நீளமாக ஒரு மேசை. தரையில் மெத்தை போட்டு உட்கார வேண்டும். காலைத் தொங்கவிட்டுக்கொள்ள மேசைக்கு அடியில் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்து மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அம்மா. அம்மாவுக்கு நல்ல பாரியான உடம்பு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தார். மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மெனு கார்டுக்குள் தலையைக் கொடுத்துவிட்டார்.

சலாம் சொல்லி உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கண் மகள் மேல் போனது. “இது யாரு?”

“எங்க மூத்தவ மக,” என்றார் பெரியத்தா. “சின்னம்மாவ விட்டு ஒரு நிமிசம் இருக்க மாட்டா.”

“மொகம் அப்படியே சின்னம்மா மொகமாவுல்ல இருக்கு.”

“ரத்தம் எங்க போகும்?” பெரியத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

“ஒங்க அம்மா எங்க, கண்ணு?”

“வடுகபட்டில,” என்றாள் மகள்.

“அத்தா?”

அத்தாவைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. “அத்தாவும் வடுகபட்டில. கடைக்குப் போயிருக்காக,” என்றாள். யாரும் சொல்லாமலே தானாக அடுத்த பொய்யைச் செய்துகொண்டாள். பெரியத்தா சபாஷ் என்பதுபோல் மேசைக்கடியில் தொடையைத் தட்டிக்கொண்டார்.

பிறகு என் முறை. என்ன படித்தாய், தையல் தெரியுமா, ஓதத் தெரியுமா என்று அக்காக்காரி கேட்டாள். சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா குரலை இறக்கி, மெய்யாகவே பரிவோடு கேட்டார்: “ஒன் புள்ளய நெனச்சு ஏக்கமா இருக்குமேம்மா. தகப்பன் வீட்ல நல்லா வச்சிருக்காகளா?”

மகள் என் இடுப்பை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் நான் தடவிய எண்ணெய் வாசம் எனக்கு அடிக்கிறது.

“வச்சிருக்காக,” என்றேன். “பழகிருச்சு.”

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக்கு முதல் தட்டு வந்துவிட்டது. பூப்போட்ட நீள அங்கி போட்ட பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். கறுப்பாக வழவழவென்று, அவ்வளவு பெரிய வட்டத் தட்டு. சீரகச் சம்பாச் சோற்றைக் குழைய வேகவைத்து, உள்ளே வறுத்த கோழி வைத்து, கறுப்புத் தாள் மாதிரி ஏதோ ஒரு இலையில் சுருட்டித் துண்டு துண்டாக நறுக்கி அடுக்கியிருந்தார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பூ, இறால். ஓரத்தில் இஞ்சிச் சீவல். அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பச்சையாக ஒரு உருண்டை. சின்னக் கிண்ணத்தில் கறுப்புக் குழம்பு.

இங்கே சகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் சகன் சாப்பாடுதான். சகன் என்பது ஒரு பெரிய வட்டத் தட்டு. தரையில் விரித்து, தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, நாலு பக்கமும் கை வைத்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். கணக்கு நாலுதான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவர் சோற்றைக் கொட்ட மாட்டார். “ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள் வாங்க” என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். யாரோ ஒருவர் வந்து உட்காருவார், முன்பின் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கை வைத்துவிட்டால், நாலு பேரும் முடிக்கும்வரை ஒருவர் எழக் கூடாது. பெரியவர் யாரோ அவர்தான் துவையலையும் குழம்பையும் நாலு பக்கத்துக்கும் பங்கிட்டுப் பிசைந்துவிடுவார்.

தரையில் உட்கார்ந்தாயிற்று. வட்டத் தட்டு வந்தாயிற்று. சுற்றி மூன்று பேர். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அறுபது வருஷத்துப் பழக்கம். முழங்கை வரை துப்பட்டியை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சகனுக்கு ஒரு ஆள் குறையுதே. ஏ கண்ணு, இங்கன வா.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். என் இடுப்புப் பக்கம் சில்லென்று ஆனது.

“பிஸ்மி சொல்லிட்டுக் கை வை.”

“ம்மா, இத அப்படி இல்ல, குச்சில ஒண்ணொண்ணா எடுத்து…” என்றார் மாப்பிள்ளை.

“நீ பேசாம இருப்பா. சோத்தப் போயி உருட்டி, கறிய உள்ள ஒளிச்சு வச்சிருக்கான். யாருக்குப் பயந்து ஒளிச்சானோ.” அடுக்கியிருந்ததை எல்லாம் அந்த அம்மா ஒரே பிடியில் உடைத்துச் சோறாக்கினார். கறுப்புக் குழம்பை மேலே ஊற்றினார். பரிமாற வந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வேறொரு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து பெரியத்தா மாப்பிள்ளையிடம், சிங்கப்பூருக்குத் திரும்பிப் போவீகளா, இங்கனயே இருப்பீகளா என்று கேட்க, அவர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தன் அம்மாவின் கை பச்சை உருண்டைக்குப் போனதை அவர் பார்க்கவில்லை. அது என்னவென்று எனக்கும் தெரியாது. புதினாத் துவையல் என்றுதான் நானும் நினைத்தேன். உருண்டை முழுவதையும் நாலாகப் பிரித்து நாலு பக்கத்துச் சோற்றிலும் வைத்து, மகள் பங்கை மட்டும் நன்றாகப் பிசைந்து உருட்டி, அவரே வாயில் ஊட்டினார்.

மகள் மென்றாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு முகம் சிவந்தது. கண் இரண்டிலும் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது. வாயில் இருந்ததைத் துப்பத் தெரியாமல், விழுங்கவும் முடியாமல், இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தாள்.

“சின்னம்மா,” என்றாள். “சின்னம்மா, எரியுது சின்னம்மா.”

அந்த வலியிலும் அவள் தவறவில்லை.

மேசையை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. கிண்ணம் ஒன்று கவிழ்ந்தது. அவளை மடியில் போட்டு, வாயில் விரலை விட்டுச் சோற்றை எடுத்து என் முந்தானையிலேயே துடைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். “அம்மான்னு கூப்பிடு,” என்றேன். “வெளாட்டு முடிஞ்சு போச்சு. நான்தேன் ஒன் அம்மா. அம்மான்னு கூப்பிடு.”

அவள் பெரியத்தாவைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவுட் ஆகிவிடுவோம் என்று பயம்.

“புள்ள அழவும் இவ பதறிட்டா,” என்று பெரியத்தா ஆரம்பித்தார்.

“இவ என் மக,” என்றேன் மாப்பிள்ளையின் அம்மாவிடம். “தகப்பன் வீட்ல இல்ல. ஒரு நாளும் என்னய விட்டு இருந்ததில்ல. என்கிட்டதேன் இருக்கா. இனிமேயும் என்கிட்டதேன் இருப்பா.”

அந்த அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டிருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அது பச்சை உருண்டையால்தான் (வசாபி என்று பெயர், கடுகு மாதிரி மண்டைக்கு ஏறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்), நான் வேறு காரணம் சொல்ல மாட்டேன். மூக்கைத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “பொய் சொல்ல இந்தப் புள்ளைக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியத்தா ஜன்னலைப் பார்த்தார்.

“நாந்தேன்,” என்றேன்.

எங்கள் பக்கத்துத் தட்டு அப்போதுதான் வந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அக்கா, “இப்படிப் பொய் சொல்ற எடத்துல…” என்று இழுத்தாள். பெரியத்தா எழுந்து நின்றார். “போதும். எந்திரிங்க, போவோம். புள்ளயத் தூக்கு.”

நான் மகளைத் தூக்கிக்கொண்டு எழப் போனேன்.

“உக்காருங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குரல் ஏறவில்லை. “சகன்ல கை வச்ச புள்ளய பாதில எழுப்பக் கூடாது. நாங்க முடிக்கல.”

பெரியத்தா உட்கார்ந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை தட்டைத் திருப்பி, பச்சை படாத சோற்றையும் வாழைப்பூவையும் அவள் பக்கமாக நகர்த்தினார். “இதுல உறைப்பு இல்ல, தின்னு பாரு,” என்றார். அன்று அவர் என் பக்கமாகப் பேசியது அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். ஒரு வாழைப்பூ எடுத்துக் கடித்தாள். அப்புறம் இன்னொன்று. அந்தத் தட்டு காலியாகிற வரைக்கும், அந்த அம்மா உறைப்பில் இருமி இருமி, விடாமல் சாப்பிட்டார். எழுந்து போகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த அரை மணி நேரத்தைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியில்தான் என்னைப் பார்த்தார். “புள்ள ஒன்கிட்ட இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னுதேன் சொல்லியிருப்பேன். அது நெசம்.”

“தெரியும்,” என்றேன்.

“இப்ப என்னத்தச் சொல்றது. என் சகன்ல உக்காந்து தின்னுட்டா.” கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பதினைந்து நாள் இருந்தோம். பெரியத்தா எங்களோடு பேசவில்லை. பதினாறாம் நாள் கம்பத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, என் மாமி, தானே பஸ் ஏறி வந்தார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, எங்கள் வாசலில் இறங்கினார். கையில் பச்சைப் பாவாடை சட்டை, ஆறு வயது அளவு. “வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே எடுத்தேன்,” என்றார். நிக்காஹ் முடிந்து நானும் மகளும் ஒன்றாகத்தான் கம்பத்துக்குப் போனோம்.

ஆனால் ஒன்று. எங்கள் ஆட்கள் மட்டும் இருக்கிறபோது மகள் என்னை அம்மா என்று கூப்பிடுவாள். வேற்று ஆள் யாராவது வாசலில் நின்றுவிட்டால் போதும், அவளுக்கு நாக்கு மாறிவிடும். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு தடவை அடித்தும்விட்டேன். அடித்துவிட்டு நான்தான் அழுதேன். காருக்குள் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை எடுக்க எனக்குக் கையாலாகவில்லை.

கல்யாணமாகி மூன்று நாலு மாசம் இருக்கும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார். மகள்தான் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்: “சின்னம்மா, கேஸ் வந்திருக்கு.”

அடுப்படியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மாமி அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போய் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே கேட்காத அந்த மனிதரிடம் சொன்னார்:

“உள்ள இருக்கறது இவ அம்மா. சிலிண்டர அங்கன வை.”